அப்பாவுக்கு ஒரு கதாநாயகி

மோதல் நடந்துவிட்டது. ஆனால் மகன் டைட்டில் எதிர்பார்த்தபடி புத்தகங்கள் சிதறவில்லை. தாடைகள் சிதறின.

பல் டாக்டர் கீழ்த்தளத்து கிளினிக்கிலிருந்து மூன்றாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஒரு தட்டு நிறைய பிளாஸ்டர் அச்சுகளை எடுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். யார் யாருடைய வாயிலிருந்தோ அச்செடுத்த பல்வரிசைகள். அவை இப்போது படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு மேல்தாடை மட்டும் அப்பாவின் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்து இளித்தது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"நல்லாத் தெரியும். அதான் ஓரமா இறங்கினேன்," என்றார் அப்பா.

"ஓரமா இறங்கறவர் எதுக்குங்க நடுவுல வந்து மோதறீங்க?"

"பின்னாடியிருந்து யாரோ தள்ளின மாதிரி இருந்துச்சு."

தள்ளிய மகன் பின்னால் நின்று, 'சுவரில் சாயாதீர்' என்ற பலகையை முதல் முறையாகப் பார்ப்பவன் போல ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கவிட்டவனும் அவன்தான்.

"இத்தனை பேரும் திரும்ப வந்து வாயைத் திறக்கணும். அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"வாயைத் திறக்க வைக்கறது உங்களுக்குப் புதுசா?"

டாக்டர் மூக்கு விடைக்க மேலே போனார். அப்பா குனிந்து, செருப்பின் மேலிருந்த தாடையை எடுத்து ஊதித் துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கீழே நின்ற வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

டைட்டிலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முதல் பதினைந்து நிமிடத்துக்குள் சண்டை வந்தால்தான் அது காதல் படம்.

டைட்டில் என்பது நண்பர்கள் வைத்த பெயர். வெளிநாட்டுக் காதல் நகைச்சுவைப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுவது அவன் பிழைப்பு. 'சப்'பை மட்டும் மரியாதை கருதி விட்டுவிட்டார்கள். இந்த வேலையில் சில வருடங்கள் இருந்தால் உலகத்தில் எந்த மூலையில் எடுத்த படமானாலும் காதல் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பது தெரிந்துவிடும். மோத வேண்டும். முறைக்க வேண்டும். எங்காவது இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும், இன்னொருவர் மூச்சிரைக்க ஓட வேண்டும். நடுவில் "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று யாராவது ஆரம்பித்தால் அந்த நொடியில் காலிங் பெல் அடிக்க வேண்டும். ஏனென்றால் யாராவது ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டால் பத்தாவது நிமிடத்தில் படம் முடிந்துவிடும். தயாரிப்பாளர் தெருவில் நிற்பார்.

சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொழில் நோயும் உண்டு. படத்தில் யார் அழுதாலும் அவர்களின் கண் திரையின் அடியிலுள்ள இரண்டு வரி இடத்திலேயே இருக்கும். வசனம் அந்த இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும், அடங்காததை வெட்ட வேண்டும். வசனமே இல்லாமல் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது இவர்களுக்கு ஓய்வு நேரம். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வரலாம்.

அவனுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. பெரிய நிறுவனம், தனி அறை, ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலைப் பிடித்தால்தான் திங்கட்கிழமை சேர முடியும். சேராவிட்டால் அடுத்தவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். எல்லாம் சரி, அப்பாவை என்ன செய்வது?

அம்மா போன பிறகு நான்காவது மாடி வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக விட்டால் இவர் என்ன சாப்பிடுவார் என்று சோதித்துப் பார்க்க, டைட்டில் ஒரு வாரக் கடைசியில் வேண்டுமென்றே வெளியூர் போனான். திரும்பி வந்து பார்த்தால் சமையலறையில் ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை. மனுஷன் அடுப்பே பற்றவைக்கவில்லை. இரண்டு நாள் பட்டினியில் கன்னம் வேறு சற்று உப்பியிருந்தது. வீக்கமாக இருக்குமோ என்று அவனுக்குப் பயமாகிவிட்டது.

அப்போதுதான் டாக்டர் ஞாபகம் வந்தது. தனியாள். அப்பா வயதுக்கு ஒன்றிரண்டு குறைவு. ஏற்கெனவே அறிமுகமும் உண்டு. அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் வெகுகாலமாகச் சரியாகாமல் வாராவாரம் கிளினிக்குக்குப் போய் வந்துகொண்டிருந்தார். "அந்தம்மா பல் பிடுங்கற குறட்டைக் கையில எடுத்தாலே எனக்கு உயிர் போயிடும்டா," என்பார்.

நேராகவே கேட்டிருக்கலாம். "அப்பா, நீங்க ஒரு கல்யாணம் பண்ணிக்கங்க." இரண்டு வரிக்குள் தாராளமாக அடங்கும் வசனம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாற்காலி நின்றது.

அம்மா போய் ஒரு வருடம் கழித்து அத்தை ஒரு பெண்ணின் போட்டோவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அப்போது டைட்டில் கல்லூரியில் முதல் வருடம். அம்மாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு வாரம் உள்ளேயே சாப்பிட்டான். அத்தை போட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு மேசைக்கு இரண்டு நாற்காலிகள்தான். அம்மாவின் நாற்காலியில் அவனுடைய அழுக்குத் துணி ஏறியது. அதெல்லாம் சின்ன வயசு, இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டானே தவிர, அப்பாவிடம் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த நாற்காலி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே காதல் படம்.

சண்டை முற்றினால் மன்னிப்பு. டைட்டில் ஒரு பூங்கொத்து வாங்கி, 'மன்னிக்கவும், நான்காவது மாடி' என்று அட்டை செருகி, கிளினிக்குக்கு அனுப்பினான். அரை மணி நேரத்தில் காலிங் பெல் அடித்தது. டாக்டர் பூங்கொத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கு சிவந்திருந்தது.

"யாரு வேலைப்பா இது?"

"அப்பா அனுப்பினார் டாக்டர். மோதினதுக்கு மன்னிப்பு."

டாக்டர் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

"நீங்களா?"

"நானா?"

"உங்களைத்தான் கேக்கறேன்."

"என்னைத்தான் நானும் கேட்டுக்கறேன்."

"பூ எனக்கு ஆகவே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்த டாக்டர் பெரிதாக ஒரு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்தார். "தெரியாதுதான். உங்களுக்கு எப்படித் தெரியும்."

பூங்கொத்தை டைட்டிலின் கையில் திணித்துவிட்டுத் தும்மிக்கொண்டே இறங்கிப் போனார். மூன்றாவது மாடிக் கதவு சாத்தும்வரை தும்மல் கேட்டது.

அப்பா செய்தித்தாளை மடித்தார். "டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்ப்பா. பூ அனுப்பினது தப்புதான். விடுங்க, நான் சரி பண்றேன்."

"அது இல்லடா."

"விடுங்கன்னு சொல்றேன்ல."

அப்பா விட்டுவிட்டார். அவர் சட்டென்று விட்டுவிடும் ஆள். அன்றைக்கு நாற்காலியையும் அப்படித்தான் விட்டார்.

அடுத்தது லிஃப்ட். இரண்டு பேரையும் ஒரு சின்ன இடத்தில் அடைத்துவிட்டால் முதலில் கத்துவார்கள், பிறகு பேசுவார்கள், பிறகு சிரிப்பார்கள். இதுவரை ஒரு படத்தில்கூட இது தவறியதில்லை. லிஃப்டை நிறுத்தும் விசைப் பெட்டியின் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. டைட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டான். வாட்ச்மேனுக்குத் தயக்கமே இல்லை.

"சாரும் டாக்டரம்மாவும் உள்ள போனதும் நிறுத்தணும். அவ்வளவுதானே?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

"நான் எதுக்குத் தம்பி சொல்லப்போறேன்?" வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. "நல்ல மனசு தம்பி உங்களுக்கு. எல்லாப் புள்ளைங்களுக்கும் வராது. எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"ஒரு கால் மணி நேரம்."

"அது போதுமா?"

"போதும்ணே. படத்துல அவ்வளவுதான் விடுவாங்க."

நிறுத்துவது சுலபமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து வாட்ச்மேன் விசையைத் திருப்பினார். பெட்டிக்குள் ஏதோ பட்டென்று வெடித்து, கருகிய வாடை வந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது நின்றபடி நின்றது.

டைட்டில் இரண்டாவது மாடிக் கதவில் வாயை வைத்துக் கத்தினான். "அப்பா. உள்ளேயிருந்து திறக்கத் தெரியும்ல உங்களுக்கு?"

அப்பாவின் குரல் வந்தது. "இது வேற மாதிரி இருக்குடா. எனக்குப் பிடிபடலை."

"நீங்கதானேப்பா இந்த லிஃப்டை மாட்டினீங்க?"

"அது ரொம்ப காலம் ஆச்சுல்ல. நீ அவசரப்படாம ஆளை வரச்சொல்லு."

ஆள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டைட்டில் படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். காலமெல்லாம் லிஃப்டோடு வாழ்ந்த மனுஷன், தன் கையால் மாட்டிய கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளே நிற்கிறார். ஞாபக மறதி ஆரம்பித்துவிட்டதா? இவரை விட்டுவிட்டு எந்த ஜன்னல் ஓரத்தில் போய் உட்காருவது?

கதவு திறந்தபோது இரண்டு பேரும் எதிரெதிர் மூலையில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"இனிமே இந்த மனுஷர் இருக்கற லிஃப்ட்ல நான் காலை வைக்கமாட்டேன்," என்றார் டாக்டர்.

"நீங்க வையுங்க. நான் படியிலயே போய்க்கறேன்," என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அத்தை வந்தார். அத்தை வந்திருப்பது தெருமுனைவரை தெரியும். அவ்வளவு பெரிய குரல்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டியாமே? லிஃப்டைக் கண்டுபிடிச்சவன் மாட்டினாலும் நீ மாட்டமாட்டியேடா."

"வயசாகுதுல்லக்கா," என்றார் அப்பா.

"வயசாகறவன் மூஞ்சியைப் பாரு. பளபளன்னு."

அப்பா சொன்னதைச் செய்தார். அன்றிலிருந்து படிக்கட்டுதான். முட்டி வலிக்காரருக்கு நான்கு மாடி. வாக்கிங் போகிறேன் என்று கிளம்பினால், பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் டைட்டிலின் கண்ணுக்கு அவர் கீழே வாசலில் தென்பட முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி ஏறும்போதும் அப்படியே. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறாரோ என்னவோ. கேட்டால், "பழகிடும்டா," என்று சொல்லிவிட்டு, வந்த களைப்பில் சாப்பாடுகூட வேண்டாமென்று படுத்துவிடுவார். தான் எழுதிய கதை ஒரு மனுஷனுடைய லிஃப்டையும் முட்டியையும் பசியையும் பறித்துவிட்டதை நினைத்து டைட்டில் இருட்டில் விழித்துக் கிடந்தான். படத்தில் இந்த இடத்தில் சோகப் பாட்டு ஒன்று வரும். வீட்டில் சோகப் பாட்டுக்கும் இடமில்லை. பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் நிம்மதியான குறட்டைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி வந்தது. அப்பா வாசல்வரை வந்து முதுகில் தட்டினார். "போயிட்டு வாடா. என்னைப் பத்திக் கவலைப்படாதே. கிளம்பு, கிளம்பு. ரயிலுக்கு நேரமாச்சு."

இவ்வளவு அவசரமாக யாரும் துக்கத்தை மறைத்து அவன் பார்த்ததில்லை.

பெட்டியை டாக்ஸியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், இரண்டு கூலியாட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் அவர்களுக்கு வழி காட்டினார். "மூணாவது மாடி. டாக்டரம்மா வீடு. கண்ணாடி சாமான் நிறைய இருக்கு, பாத்து எடுங்க."

"என்னண்ணே இது?" என்றான் டைட்டில்.

"டாக்டரம்மா காலி பண்றாங்கல்ல தம்பி," என்று சொல்லிக்கொண்டே வாட்ச்மேன் கூலியாட்களின் பின்னால் போய்விட்டார்.

அந்த அம்மா வீட்டையே காலி செய்கிறார். தாடை, பூ, லிஃப்ட் எல்லாம் சேர்ந்து ஒரு பெண்மணியைக் கட்டடத்தைவிட்டே விரட்டிவிட்டன. இனி ஒன்றுதான் பாக்கி. யாராவது ஓட வேண்டும்.

"ரெண்டு நிமிஷம்," என்று டாக்ஸிக்காரரிடம் சொல்லிவிட்டு நான்கு மாடியும் படியிலேயே ஓடினான்.

"அப்பா. ஓடுங்க."

அப்பா சாப்பாட்டு மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் துணி கையிலிருந்து நழுவியது. "நீ போகலை?"

"டாக்டர் வீட்டைக் காலி பண்றாங்க. போய் நிறுத்துங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எதுக்குடா நிறுத்தணும்?"

"எதுக்கா? உங்களுக்குன்னு ஒருத்தர் வேணாமாப்பா?"

சொல்லிவிட்டான். தொண்டையில் இருந்த நாற்காலி எப்படி வழிவிட்டதென்று அவனுக்கே தெரியவில்லை. அப்பா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வசனமில்லாத நேரம். வழக்கம்போல டைட்டில் ஜன்னல் பக்கம் திரும்பினான். கீழே டாக்ஸி புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அவனுடைய பெட்டி இருந்தது.

"சரி," என்று அவன் தரையில் உட்கார்ந்தான். "நானும் போகலை."

"போகலையா?"

"அந்த வேலையும் வேணாம், ஜன்னலும் வேணாம். உங்க கூடவே இருந்துடறேன். காலம் பூரா."

"காலம் பூராவா?" அப்பா அருகிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "அவசரப்படாதடா. ஆசைப்பட்டு எழுதிப்போட்ட வேலை."

"உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப்பா போறது? நான்தானே எல்லாத்தையும் கெடுத்தேன். அன்னிக்கு அந்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போனதுலேயிருந்து."

அப்பா குனிந்து, விழுந்து கிடந்த துணியை எடுத்து மேசைமேல் மடித்து வைத்தார்.

"ஞாபகம் இருக்காடா உனக்கு?"

"இருக்கு."

"உனக்கு மறந்திருக்கும்னு நினைச்சேன். ஒரு வாரம் நீ உள்ள சாப்பிட்ட. நான் இங்க ஒத்தையா உக்காந்து சாப்பிட்டேன். அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. இனிமே என்ன நடந்தாலும் இந்தப் பையன் தட்டைத் தூக்கிட்டு உள்ள போற மாதிரி மட்டும் எதுவும் செய்யக் கூடாது." அவர் செருமிக்கொண்டார். "டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

காலிங் பெல் அடித்தது.

டைட்டில்தான் போய்த் திறந்தான். வாசலில் ஒரு நாற்காலி நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூலியாள், அவனுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியோடு இன்னொருவன், பக்கத்தில் வாட்ச்மேன். படி வளைவில் டாக்டர். அவர் கையில் ஒரு தட்டு, தட்டில் பல்வரிசைகள்.

"எங்க போடணும் சார்?" என்றான் கூலியாள்.

"நீங்க மாடி மாறி வந்துட்டீங்க," என்றான் டைட்டில். "டாக்டர் காலி பண்றாங்க. சாமான் கீழ போகணும்."

வாட்ச்மேன் டைட்டிலைப் பார்த்துத் திடுக்கிட்டார். "தம்பி? டாக்ஸி போச்சே, நீங்க கிளம்பியாச்சுன்னுல்ல நினைச்சேன். உங்க ரூம் காலியானதும் மேல ஏத்திடுன்னு சார் சொன்னாரு."

டைட்டில் திரும்பினான். அப்பா எழுந்து நின்றிருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வரியில் எழுதுவதற்கு எதுவுமே இல்லாததால், அவன் முதல் முறையாக முகங்களைப் பார்த்தான். அப்பா டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கன்னத்தில் இருந்தது வீக்கம் இல்லை.

"அண்ணே," என்று அவன் மெதுவாகக் கேட்டான். "இவங்க ரெண்டு பேரும்..."

"என்ன தம்பி தெரியாத மாதிரி கேக்கறீங்க? போன வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்து போட்டதே நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சுதானே லிஃப்டையெல்லாம் நிறுத்தச் சொன்னீங்க?" வாட்ச்மேன் அப்பாவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு தரையில் பார்வையை இறக்கி, மறுபடி டைட்டிலைப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது. "வீட்ல ஒரே ஒருத்தர் மட்டும் ஒத்துக்கமாட்டாங்க, அவங்க மனசு மாறுறவரைக்கும் மூச்சு விடாதேன்னு சொன்னாங்க. நான் இத்தனை நாளும் உங்க அத்தைன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன். அது நீங்களா தம்பி?"